டிஜிட்டல் கற்றல் வடிவமைப்பும் தொழிற்பழகுநர் பயிற்சியும்: கரிசலை முன்வைத்து ஒரு மறுப்பு

ஒரு பாடத்தையோ பணித்திறனையோ கைப்பேசியிலும் கணினியிலும் கற்கத்தக்கவாறு திட்டமிட்டு, எழுதி, காட்சிப்படுத்தி, கற்பவரிடம் சோதித்துத் திருத்தித் தரும் தொழிலே டிஜிட்டல் கற்றல் வடிவமைப்பு எனப்படுகிறது. இத்தொழிலைப் பற்றிப் பெற்றோரிடையிலும் கல்லூரி வளாகங்களிலும் ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. ஓரிரு மென்பொருள்களில் மூன்று மாதச் சான்றிதழ் பெற்றால் இதற்குப் போதும் என்றும், வழக்கில் அப்ரண்டிஸ் என வழங்கும் தொழிற்பழகுநர் பயிற்சி பிட்டருக்கும் டர்னருக்குமே உரியது என்றும், ஓட்டப்பிடாரம் வட்டத்துப் பசுவந்தனை போன்ற கரிசல் ஊரில் பிறந்தவருக்கு இது சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயராமல் கைகூடாது என்றும், மேசைப்பணிக்கு அப்ரண்டிஸ் முறையைக் கொண்டுவருவது குறைந்த கூலிக்கு ஆள் சேர்க்கும் உபாயமே என்றும் அக்கருத்து நான்கு கூற்றுகளாகப் பிரிகிறது. இவற்றுள் முதல் மூன்றும் பிழையானவை. நான்காவதில் பாதி உண்மை இருப்பதால் அதனை விரிவாக எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

மென்பொருளே தொழில் என்னும் முதற்கூற்று, தொழிலின் ஒரு பகுதியை முழுமையாகக் கொள்வதால் எழுவது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் பயிற்சித் தேவைக்காகப் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்டு, இன்றளவும் இத்துறையின் அடித்தளமாக விளங்கும் முறை, பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு என்னும் ஐந்து கட்டங்களைக் கொண்டது. சான்றிதழ் வகுப்புகள் பெரும்பாலும் கற்பிக்கும் மென்பொருள் பயிற்சி இவற்றுள் மூன்றாவது கட்டத்திற்கு மட்டுமே உதவும். கற்பவர் யார், அவர் எதில் இடறுகிறார், பாடம் முடிந்தபின் அவரால் எதைச் செய்ய முடிகிறது என்னும் கேள்விகள் மற்ற நான்கு கட்டங்களில்தான் எழுகின்றன, அவற்றுக்கு விடை தரும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை.

2018ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளக் காடுகளிலும் பரவிய படைப்புழுவைப் பற்றிக் கரிசல் விவசாயிகளுக்கு ஒரு கைப்பேசிப் பாடம் தயாரிப்பதாகக் கொண்டால் இது தெளிவாகும். மென்பொருள் தேர்ச்சி மட்டும் உடையவர், தலையில் தலைகீழ் ஒய் வடிவக் குறியும் வால்பக்கம் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளும் தெரியும் பெரிய புழுவின் படத்தைத் தேடி எடுத்து, அழகாக அசையவிட்டு, இறுதியில் ஒரு வினாவும் சேர்த்துப் பாடத்தை முடித்துவிடுவார். அக்குறிகள் கண்ணுக்குத் தெளிவாகும் அளவிற்குப் புழு வளரும்போது அது குருத்துக்குள் புகுந்திருக்கும், மருந்தும் எளிதில் எட்டாது. விவசாயி அறிய வேண்டியது அதற்கு முந்தைய அடையாளம், அதாவது இளம்புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்றதால் தோன்றும் வெளிறிய திட்டுகள். பார்வைக்குச் சிறந்த பாடம் பயனில் பிந்திய பாடமாகிவிடும் இந்தப் பிழை, புஞ்சையில் ஒருவர் இலையைத் திருப்பிப் பார்க்கும்போது அருகில் நின்றவருக்கும், அவ்வாறு நின்றறிந்த மூத்த வடிவமைப்பாளரின் திருத்தத்தைப் பெற்றவருக்குமே பிடிபடும்.

நூல்வழி விதிகளும் இவ்வாறே களத்தில் வந்துதான் முழுமை பெறுகின்றன. படத்துடன் குரல் விளக்கம் ஒலிக்கையில் அதே சொற்களைத் திரையிலும் எழுத்தாகக் காட்டினால் கற்பவரின் கவனம் சிதறும் என்பது ரிச்சர்டு மேயர் என்னும் உளவியலாளரின் ஆய்வுகளால் நிலைபெற்ற கொள்கை. நூற்பாலையின் இயந்திர இரைச்சலுக்கிடையே பாதுகாப்புப் பாடம் பார்க்கும் பெண்ணுக்கோ, காதொலிப்பான் இல்லாத ஒரே கைப்பேசியை வீட்டில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் மாணவருக்கோ குரல் எட்டாது, எழுத்தே துணை. விதியை எங்கே பின்பற்றுவது, எங்கே விலக்குவது என்னும் தெளிவு தேர்வுக்குப் படித்து வருவதன்று. இத்துடன் தமிழுக்கே உரிய இடர்களும் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பாடங்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்பெயர்வதும், ஆங்கிலச் சொல்லின் அளவிற்கென அமைத்த பொத்தானுக்குள் நீண்ட தமிழ்ச்சொல் அடங்காமல் வெட்டுப்படுவதும் அன்றாடம் நிகழ்பவையாயினும், ஆங்கில வழியில் அமைந்த சான்றிதழ் வகுப்புகள் இவற்றைத் தொடுவதே இல்லை.

வேலையினூடே கற்பதற்கு ஒரு வரிசை முறையும் உண்டு என்பதை மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் லைபீரியத் தையற்காரர்களிடையே செய்த களஆய்வு காட்டியது. எட்டியன் வெங்கருடன் இணைந்து 1991இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது பரவலாக அறியப்பட்டது. அங்கே பழகுநர் துணி வெட்டுவதிலிருந்து தொடங்குவதில்லை. பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் ஆகிய இறுதி வேலைகளில் தொடங்கி, பின்னர் தையலுக்கும் கடைசியாக வெட்டுதலுக்கும் செல்கிறார். முடிந்த ஆடையின் உருவம் முதலிலேயே மனத்தில் பதிவதாலும், தொடக்கத்தில் செய்யும் தவறு துணியைப் பாழாக்காததாலும் இவ்வரிசை பொருள் உடையதாகிறது. டிஜிட்டல் பாடத்திலும் வசனவரிகளைச் சரிபார்த்தல், இணைப்புகளைச் சோதித்தல், கற்பவர் அருகில் அமர்ந்து அவர் தயங்கும் இடங்களைக் குறித்தல் ஆகியவற்றில் தொடங்கி, திரைகளை உருவாக்குதல், ஸ்டோரிபோர்டு எனப்படும் திரைவாரியான எழுத்துத் திட்டத்தை வரைதல், இறுதியில் தேவைப் பகுப்பாய்வு என்று பின்னிருந்து முன்செல்வதே தக்க முறை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் திரைகளை நொடியில் ஆக்கித் தரும் இன்றைய நிலையில் இவ்வாதம் மேலும் வலுப்பெறுகிறது; கருவி எளிதாக்குவது உருவாக்கத்தை, ஆக்கியது சரியா என்று தீர்மானிக்கும் பொறுப்போ மனிதரிடமே எஞ்சுகிறது.

அப்ரண்டிஸ் முறை இயந்திரப் பணிக்கே உரியது என்னும் இரண்டாம் கூற்றுக்குச் சட்டமே விடை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் உள்ளடக்கிக்கொண்டது. அரசு பட்டியலிடாத தொழில்களிலும் நிறுவனங்கள் தாமே பாடத்திட்டம் வகுத்துப் பழகுநரைச் சேர்க்க 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வழி திறந்தது. இங்கிலாந்தில் டிஜிட்டல் கற்றல் வடிவமைப்பாளர் என்னும் பெயரிலேயே தனித்த தொழிற்பழகுநர் தரநிலை வகுக்கப்பட்டுள்ளது.

இத்தொழில் பெருநகரத்துக்கே உரியது என்னும் மூன்றாம் கூற்றைக் கரிசல் வட்டாரத்தின் சொந்த வரலாறே மறுக்கிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலை அங்கேயே இருந்து பழகி ஊர் திரும்பினர். சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் ஊர்தோறும் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகியதன் மூலம் அதுவே. மழை குறைந்த மண்ணில் ஒரு புதிய தொழில் வேர்கொண்டது பணியிடக் கற்றலால்தான் என்பதை இவ்வட்டாரத்தார் மறந்துவிடலாகாது. அண்மைக் காலத்தில் சோஹோ நிறுவனம் 2005 வாக்கில் தொடங்கிய தன் பயிற்சிப் பள்ளியில், பள்ளிக்கல்வி முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து உதவித்தொகையும் தந்து மென்பொருள் பணிக்கு ஆயத்தப்படுத்தி, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் தன் அலுவலகத்தை நிறுவியுள்ளது. பெயர் வேறாயினும் அடிப்படை தொழிற்பழகுதலே.

அதற்கும் மேலாக, கற்றல் வடிவமைப்பின் மூலப்பொருள் கற்பவரே எனில், அவர் இங்கேதான் இருக்கிறார். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மானாவாரிப் பயிர் அறிவு உழவரைச் சென்றடைய வேண்டும். நூற்பாலைக்குப் புதிதாக வருபவர் இயந்திரத்தையும், தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்குபவர் தீ விபத்துத் தடுப்பையும் கற்றாக வேண்டும். 1984இல் தொடங்கப்பெற்ற நேஷனல் பொறியியல் கல்லூரி போன்ற நிலையங்களுக்கு மின்பாடங்கள் தேவைப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இடம்பெற்ற கியூஆர் குறியீடுகளும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2023இல் வெளியான மணற்கேணிச் செயலியும் இத்தகைய பாடங்களை வீட்டுவாசல்வரை கொண்டுவந்துவிட்டன. ஐப்பசியில் விதைப்பும் தை மாசியில் அறுவடையுமாக நகரும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு எந்த மாதங்களில் படிக்க நேரம் கிட்டும் என்பதை அறிந்த வடிவமைப்பாளர், பெங்களூர் அலுவலகத்தில் இருந்து ஊகிப்பவரைவிடத் தகுதி மிக்கவர்.

எஞ்சுவது, பழகுநர் என்னும் பெயரில் மலிவான உழைப்பு சுரண்டப்படும் என்னும் நான்காம் கூற்று. சட்டத்தின் பார்வையில் தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். ஆகவே பொதுவாகத் தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கடப்பாடும் நிறுவனத்திற்கு இல்லை. 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் பட்டதாரிக்கு மாதம் 9000 ரூபாயும் பட்டயதாரருக்கு 8000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தது. ஊரில் வீட்டிலிருந்தே பேருந்தில் சென்றுவருபவருக்கு அத்தொகை ஓரளவு தாங்கும், சென்னையில் அறை எடுத்துத் தங்குபவருக்குத் தாங்காது. ஏழைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி இதனால் விலகிப்போகும் நிலை உண்மையானது, அதனை மறைப்பது நேர்மையன்று.

எனினும் இக்குறை முறையை விலக்குவதற்கான காரணமாகாது. சட்டத்திற்கு வெளியே, இன்டர்ன் என்னும் பெயரில், ஒப்பந்தமும் ஊதியமும் இன்றி மாதக்கணக்கில் வேலை வாங்கும் வழக்கம் இத்துறையில் முன்பிருந்தே உண்டு. அதனோடு ஒப்பிட்டால், அரசிடம் பதிவாகும் ஒப்பந்தமும், வரையறுத்த காலமும், நிர்ணயித்த தொகையும் உள்ள பழகுநர் முறை இளைஞருக்குக் கூடுதல் பிடிமானம் தருகிறது. 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்தாக வேண்டும் என்பதும், நாட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ்க் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதும், பழகுநருக்குக் கூடுதலாகத் தரும் வசதி நிறுவனங்களுக்கு உண்டு என்பதைக் காட்டுகின்றன.

சுரண்டலைப் பயிற்சியிலிருந்து பிரித்தறியும் அளவுகோல் தொகை மட்டுமன்று, வேலைப் பங்கீடும் ஆகும். ஓராண்டு முழுவதும் ஒருவர் வசனவரி ஒட்டுவதிலேயே வைக்கப்பட்டால் அவர் பழகுநர் அல்லர், குறைகூலியாளர். லைபீரியத் தையற்காரரின் பழகுநரும் பொத்தானிலேயே நிறுத்தப்பட்டால் தையற்காரர் ஆவதில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், எந்த மாதத்தில் ஸ்டோரிபோர்டு எழுதக் கிடைக்கும், தம் வரைவைத் திருத்தித் தரும் மூத்தவர் யார், கற்பவரை நேரில் கண்டு சோதிக்க எத்தனை வாய்ப்பு உண்டு என்பவற்றை எழுத்தில் கேட்டுப்பெறுவது பழகுநரின் உரிமையாக நிலைபெற வேண்டும். தன்னிடம் பயின்ற பழகுநரைப் பணியில் அமர்த்துவது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அக்கொள்கையின் படியைக் கேட்டு வாங்கும் பொறுப்பைக் கோவில்பட்டி வட்டாரக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் தம் மாணவர் சார்பில் ஏற்றுக்கொள்ளலாம்.