நாக்கு பழகட்டும், அவசரம் வேண்டாம்

அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு வாசகியிடமிருந்து கடிதம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அவருக்கு. முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்க முடியவில்லை என்று, மார்பில் ஒரு சின்னக் கருவியை ஆபரேஷன் செய்து வைத்துக்கொண்டிருக்கிறார். “அதை ஓடவிட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. நாக்கு தன்னால் முன்னே தள்ளுகிறது. பல்லில் உரசிப் புண்ணாகிவிட்டது. திடுக்கென்று விழித்துக்கொள்கிறேன். நாலு நாளாக ரிமோட்டைத் தொடவே இல்லை. பேசாமல் எடுத்துவிடச் சொல்லிவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, அந்த முடிவுக்கு இது நேரமே இல்லை. பதினைந்து நாளில் நாக்கு பழகிவிடாது. உங்களுக்குச் சொல்வதற்கு முன், மற்ற சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சு போகும் வழியையே அடைத்துவிடும். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதையும், மிகவும் குறைவதையும் டாக்டர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். 30க்கு மேல் என்றால் கடுமை. இதற்குக் காற்றழுத்த மாஸ்க் வைத்தியத்தை 1981ல் வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவின் டாக்டர் காலின் ஸல்லிவன். இன்றும் பெரும்பாலோருக்கு முதலில் சொல்வது அதைத்தான். அது ஒத்துக்கொள்ளாத சிலருக்காக வந்ததுதான் இந்தக் கருவி. அமெரிக்க அரசாங்கம் 2014ல் அனுமதி கொடுத்தது.

காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இது உட்காருகிறது. அதிலிருந்து ஒரு கம்பி நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகிறது. தூங்கும்போது மூச்சை உள்ளே இழுக்க இழுக்க, கருவி நரம்பை மெதுவாகத் தூண்டுகிறது. நாக்கு முன்னே நகர்ந்து வழி விடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

ஆபரேஷன் ஆன உடனே கருவியை ஓடவிடாமல், சுமார் ஒரு மாதம் காயம் ஆறக் காத்திருந்தார்கள் அல்லவா? அதே பொறுமைதான் இப்போதும் வேண்டும். முதலில் குறைந்த அளவில்தான் வைத்துக் கொடுப்பார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள், ஒரு படி பழகிய பிறகே அடுத்த படி. “சீக்கிரம் குணமாகட்டும்” என்று இரண்டு மூன்று படிகளைத் தாண்டினால் தூக்கம்தான் கெடும். ஏற்றிய படி தாங்கவில்லை என்றால் ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். அதில் தோல்வி ஒன்றுமில்லை.

ரிமோட்டை அழுத்தியதும் கருவி துடிக்க ஆரம்பிப்பதில்லை. நீங்கள் கண்ணயர்வதற்கென்று அவகாசம் உண்டு. பெரும்பாலும் அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். அதற்குள் தூக்கம் வராவிட்டால் அவகாசத்தைக் கூட்டித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். நடுராத்திரியில் விழிப்பு வந்தாலோ, குழந்தை அழுதாலோ, சற்று நேரம் நிறுத்தி வைக்கவும் வசதி இருக்கிறது. முழுதாக அணைத்துவிட்டு மறந்து தூங்கிவிடாதீர்கள்.

நாக்குப் புண்ணுக்கு மாசிக்காய் தடவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் தூண்டும் விதத்தையே மாற்றித் தருவார். பல்லின் கூர்மைதான் காரணமென்றால், பல் டாக்டர் ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுப்பார்.

“குறட்டை நின்றுவிட்டது, அதனால் சரியாகிவிட்டது” என்று வீட்டார் சொல்வதையும் முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் தூக்கப் பரிசோதனை செய்து, எந்த அளவில் உங்களுக்கு மூச்சு தடைபடவில்லை என்று பார்த்துச் சொல்வார்கள். அதுவரை பொறுங்கள். 2014ல் வெளியான ஆராய்ச்சியில் 126 பேருக்கு இதை வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 29 தடவை என்றிருந்த நடுமட்டக் கணக்கு, ஒரு வருஷத்தில் 9 ஆக இறங்கியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் இல்லைதான். ஆனால் ரிமோட் மேஜை டிராயரில் கிடந்தால் யாருக்கும் பலன் இல்லை.

இன்னொன்று. கருவி ஓடாத இந்த நாலு ராத்திரியும் உங்களுக்கு வைத்தியமே இல்லாத ராத்திரிகள். பகலில் கண் சொருகினால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரை எடுக்காதீர்கள். நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளை உண்டாகியிருப்பவர்களும், உண்டாக நினைப்பவர்களும் இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் அந்த எண்ணம் வந்ததுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், வேறு ஆபரேஷன் எதுவானாலும், கருவி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பேட்டரி சுமார் 11 வருஷம் வரும்.

நான் சொன்ன அந்த ஆராய்ச்சியில் 100க்கு 83 பேர் ஆண்கள். அதனால் இது புருஷர்களின் வியாதி என்று எண்ணிவிடாதீர்கள். பெண்களுக்கு இது பல சமயம் குறட்டையாகத் தெரியாமல் காலைத் தலைவலி, தீராத அசதி, தூக்கமின்மை என்றுதான் தெரியும். “வேலை ஜாஸ்தி, அதான்” என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எட்டு மணி நேரம் படுத்தும் அசதி தீராமல் எழுந்திருக்கிறவர்கள், அதை ஒரு டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.