போகாத ஊருக்கு அபராதம்

மாசி மாதம் அந்த ராத்திரி என் குட்டி யானை வண்டி எங்கே நின்றது என்று ஜமுனாமரத்தூரில் கேட்டுப் பாருங்கள். புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் அத்திமூர் வழியாக மலையிறங்கிப் போளூரில் எடை போட்டேன். எடை மேடைச் சீட்டு இன்னமும் என் சட்டைப் பையில் இருக்கிறது. தேதி, நேரம், வண்டி நம்பர் மூன்றும் அதில் அச்சாகியிருக்கிறது. அதே ராத்திரியில்தான், நான் ஒருநாளும் வண்டி ஓட்டிப் போகாத ஒரு பெருநகரத்தில், ஒருவழிச் சாலைக்குள் எதிர்த்திசையில் நுழைந்தேனாம். கம்பத்துக் கேமரா பார்த்துவிட்டதாம். அபராதம் 500 ரூபாய். எட்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் நுழைந்தேனாம். இரண்டாம் முறை என்பதால் 1,500.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே வைகாசியில், வண்டியின் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டப் போனபோது. "செலான் பாக்கி இருக்கு, கட்டிட்டு வாங்க." ஜன்னலுக்கு உள்ளிருந்து அவ்வளவுதான் வந்தது. நடுங்கிப்போய் கலசப்பாக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடிவந்தேன். அங்கிருக்கும் தம்பி படத்தை இறக்கிப் பெரிதாக்கினான். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். "அண்ணே, இது உங்க வண்டியே இல்லண்ணே" என்றான்.

படத்தில் இருந்தது லோடு ஆட்டோ. பிளேட்டெல்லாம் சேறு. கடைசி எண் 3ஆ 8ஆ என்று எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் பிடிபடவில்லை. மெஷின் 8 என்று படித்திருக்கிறது. என் வண்டி 8இல் முடிகிறது. என் தலையில் விடிந்துவிட்டது.

குறுஞ்செய்தி அனுப்பினோம் என்கிறார்கள். அது போய்ச் சேர்ந்தது வண்டி வாங்கிக்கொடுத்த புரோக்கரின் நம்பருக்கு. ஆர்.சி.யில் அவர் நம்பர்தான் இன்னும் இருக்கிறது. அதை மாற்றாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஆட்டோ என் வண்டி ஆகிவிடுமா?

அந்தத் தம்பிதான் சட்டத்தையும் தேடிப் படித்துக் காட்டினான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று 2021 ஆகஸ்டில் வந்திருக்கிறது. கேமராவுக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். இங்கே கண்காணிப்பு இருக்கிறது என்று வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியும்படி பலகை வைக்க வேண்டும். 15 நாளுக்குள் தாக்கீது அனுப்ப வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிகிற படம் அதோடு இருக்க வேண்டும். தெளிவாக! அந்த ஒரு வார்த்தையை யாராவது மதித்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது. ஒரு மனிதர், ஒரே ஒரு நிமிஷம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் போதுமே.

வெளிநாட்டில் எப்படி என்று பாருங்கள்: இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே உள்ள நகரசபைகளுக்கு 2022 மே 31இல்தான் இந்தக் கேமரா அபராத அதிகாரம் திறந்துவிடப்பட்டதாம். புதிதாகக் கேமரா வைத்த இடத்தில் முதல் ஆறு மாதம், முதல் தடவை தப்பு செய்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பச் சொல்கிறது அரசின் வழிகாட்டுதல். ஆட்சேபத்தை நகரசபை மறுத்துவிட்டாலும் தனி நடுவரிடம் காசில்லாமல் முறையிடலாம். அங்கேயும் மக்கள் குமுறுகிறார்கள்தான். ஆனால் குமுறலைச் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. எனக்கு எது வாசல்? "செலான் போட்ட ஊர்ல போய்ச் சொல்லுங்க" என்கிறார்கள். போகவர ஒரு நாள் முழுக்கப் போகும். போனாலும் அன்றைக்கே யாரும் கேட்பார்கள் என்று நிச்சயமில்லை. மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி மூன்று வாரமாகிறது. பதில் இல்லை.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மச்சான் எதிர்த்திசையில் வந்த லாரியில் அடிபட்டுப் போனவன். அன்றைக்கு அங்கே ஒரு கேமரா இருந்திருக்கக் கூடாதா என்று என் தங்கை இன்றைக்கும் அழுகிறாள். கட்டுப்பாடும் எனக்குப் புதிதில்லை. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் திருவண்ணாமலைக்குள் வண்டி விடமாட்டார்கள். தக்காளி லோடோடு ஊருக்கு வெளியே மணிக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறேன். ஒரு பௌர்ணமியன்று வழியில் வலியெடுத்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனேன். தடுப்பில் நின்ற காவலர் கையைக் காட்டி நிறுத்தினார், உள்ளே குனிந்து பார்த்தார், உடனே தடுப்பை இழுத்து வழிவிட்டார். அந்த மனிதருக்குக் கண்ணும் இருந்தது, காதும் இருந்தது.

பேசாமல் 2,000 ரூபாயைக் கட்டித் தொலை என்று சொல்லாத ஆளில்லை. அது எனக்கு நாலு நாள் ஓட்டத்தில் மிஞ்சுகிற பணம். அதையும் புரட்டிவிடுவேன். ஆனால் கட்டினால் நான் குற்றம் செய்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? அந்த லோடு ஆட்டோ இன்னும் அந்த ஊரில் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அடுத்த முறை அது நுழைந்தாலும் 1,500 என் பேரில்தானே விழும்?

எஃப்.சி. இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஐந்தாம் தேதி டியூ கட்டியாக வேண்டும். மலைமேல் பலா பழுத்துவிட்டது. நேற்றும் மேலிருந்து போன் வந்தது: "அண்ணே, பழம் வெடிக்குது, வண்டி எப்பண்ணே வரும்?" பதில் சொல்லத் தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள் ஐயா. நம்பரைக்கூட விடுங்கள். சக்கரத்தை எண்ணுங்கள்.