மீட்டருக்கு ஏன் இந்தப் பயம்?



சூரியசக்தி பம்புசெட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, தி.நகர் வாசகர் ஒருவர் சூடாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். விவசாயிக்கு இலவச மின்சாரமும் கொடுத்து, சோலாருக்கு மானியமும் கொடுத்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று கேட்கிறார். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

மற்ற பாதியை முதலில் பார்த்துவிடுவோம். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்கு நம் வீடுகளும் 2016 முதல் காசு கட்டுவதில்லை. நமக்கு அது கேட்காமலே வந்தது. விவசாயிக்கு அப்படி வரவில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கோவைத் தெருக்களில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் போராட்ட ஆண்டுகளில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் ரத்தானது.

கட்டணம் போனாலும் காத்திருப்பு போகவில்லை. மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் ராத்திரிதான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மண்வெட்டி. பாம்புக்குப் பயந்து வரப்பைத் தட்டித் தட்டி நடந்து மடை மாற்ற வேண்டும். சூரியசக்தி பம்பு வைத்தவருக்கு முதல் வரவு ராத்தூக்கம்தான்.

அந்த பம்புக்கு உதவ மத்திய அரசு 2019இல் பி.எம். குசும் திட்டத்தைக் கொண்டுவந்தது. விலையில் 30 சதவீதம் மத்திய அரசு, 30 சதவீதம் மாநில அரசு, மீதி விவசாயி. டீசல் இன்ஜினில் இறைக்கிற பீகார் விவசாயிக்கு இதனால் எரிபொருள் செலவு அப்படியே மிச்சம். நம் ஊரிலோ கரண்டும் இலவசம், வெயிலும் இலவசம். எதில் ஓட்டினாலும் மோட்டாரை நிறுத்த ஒரு காரணமும் இல்லை. கடிதத்தின் நியாயமான பாதி இதுதான்.

அதற்கான விடை அதே திட்டத்தில் இன்னொரு பிரிவில் இருக்கிறது. ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள பம்புசெட்டுக்கு பேனல் பொருத்தி, இறைத்தது போக மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கலாம். குசும் வருவதற்கு முன்பே, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி கிராமத்து விவசாயிகள் ஆறு பேர் கூட்டுறவு அமைத்து, இப்படி விற்பதற்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். மின்சாரத்துக்கு விலை கிடைத்துவிட்டால், தேவைக்கு மேல் இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சொந்தக் காசை வாய்க்காலில் விடுவது போல ஆகிவிடும். யாரும் சொல்லாமலே மோட்டார் நிற்கும்.

விற்க வேண்டுமானால் மீட்டர் வேண்டும். அங்கேதான் நம் விவசாயி பின்வாங்குகிறார். இன்றைக்கு மீட்டர் வைப்பவர்கள் நாளைக்கு பில் போடமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2020இல் தில்லி எல்லையில் திரண்ட விவசாயிகள் மூன்று வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவையும் எதிர்த்தது இந்தப் பயத்தில்தான்.

அரசியல் சட்டப்படி விவசாயமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மின்சாரம் பொதுப் பட்டியலில். தில்லி திட்டம் போடுகிறது, அண்ணா சாலையில் இருக்கும் மின்வாரியம் நடத்துகிறது, கிணறு வற்றினால் கஷ்டம் விவசாயிக்கு. அதனால் வாக்குறுதி இரண்டு அரசுகளிடமிருந்தும் எழுத்தில் வரவேண்டும்: இருக்கிற இலவச இணைப்பில் கைவைக்க மாட்டோம், கட்டுப்படியாகும் விலை தருவோம், பணத்தை இழுத்தடிக்க மாட்டோம்.

அடையாறில் மொட்டைமாடியில் 3 கிலோவாட் பேனல் போடுபவருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அவர் நெட் மீட்டரைத் தாமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். அந்த மீட்டர் தமக்கு வரவு காட்டும் என்று அவருக்குத் தெரியும். அதே நம்பிக்கையை அவிநாசியில் கிணறு வைத்திருப்பவருக்கும் கொடுத்துவிட்டு, பிறகு தண்ணீர்ச் சிக்கனம் பேசலாம்.

உங்களில் பலருக்கு ஊரில் இன்னும் நிலம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோ சித்தப்பாவோ இருப்பார். சோலார் பம்பு போட்டிருந்தால் மழைக்காலத்தில் எப்படி ஓடுகிறது, பழுதானால் ஆள் வருகிறாரா என்று விசாரித்து எழுதுங்கள். போடவில்லை என்றால் ஏன் என்றும் எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்