சக்கையை வீசற்க
பழங்களையும் காய்களையும் அரைத்துப் பருகும் வழக்கம் இல்லங்களில் பரவி வருகிறது. அது நன்றே. ஆனால் அரைத்ததை வடிகட்டுவது தவறு என்பது எமது கருத்து. வடிகட்டியில் தங்கும் சக்கையே குடலுக்கு உதவும் நார்ப்பொருள். அதை நீக்கினால் எஞ்சுவது பெரும்பாலும் நீரும் சர்க்கரையுமே.

பப்பாளித் துண்டுகள், ஒரு காரட், கொட்டை நீக்கிய நெல்லிக்காய் ஆகியவற்றைத் தயிருடன் அரைத்து அப்படியே பருகலாம். தயிரிலுள்ள கொழுப்பு, கரோட்டீன் உடலிற் சேரத் துணைபுரியும். வைட்டமின் சி காற்றுப்பட்டுக் குறையுமாதலின் உடனே பருகுதல் வேண்டும். சர்க்கரை வேண்டா.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் பரிந்துரைக்கின்றன. ஒரு குவளைப் பானம் இதனை ஈடுசெய்யாது. மென்று உண்பதே முதன்மை. களப் பணியாளரும் ஆசிரியரும் செய்து காட்டும்போது வடிகட்டியை ஒதுக்குவாராக.