கடல் தாண்டும் ஹாக்கி

அந்தமானின் மரைன் ஹில்லிலிருந்து சென்னை சுமார் 1,370 கி.மீ.; கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். மரைன் ஹில் இருக்கும் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1967-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா, பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டல ஹாக்கியில் ஆட விரும்பிய தீவு மாணவி கடல் தாண்டியாக வேண்டும்.

பயணத்தைக் குறைக்கத்தான் மண்டலங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் ‘கான்ஃபரன்ஸ்’ கூட்டணிகளும் பெரும்பாலும் வட்டார அடிப்படையில் பிறந்தவையே. 1901-ல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே அறிமுகம் செய்த ஹாக்கி, பெண்கள் ஆட்டமாகவே வேரூன்றியது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுத்த 1972-ம் ஆண்டுச் சட்டம் கல்லூரிப் பெண்களுக்கு மைதானக் கதவைத் திறந்தது. 1983-ல் அட்லாண்டிக் கரைக் கூட்டணி ஹாக்கி சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. முதல் பட்டம் வட கரோலினாவுக்கு.

2024-ல் அதே கூட்டணியில் பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் சேர்ந்தன. காரணம் ஹாக்கி அல்ல, அமெரிக்கக் கால்பந்தின் டி.வி. பணம். நாட்டின் மறுகோடிக்குப் பறக்கும் ஹாக்கி அணியின் விமானச் செலவு பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

வரைபடத்தில் தீவைத் தென்மண்டலத்தோடு சேர்ப்பது எளிது. வழிச்செலவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது சமமான போட்டி.