கதைப் புத்தகமும் ராஜாங்க பயமும்

ஒரு சிறுமி, ஒரு வீடு, ஒரு பெயர்: ஸாண்ட்ரா ஸிஸ்னெரோஸ் அம்மையார் 1984-ம் வருஷத்தில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'மாங்கோ தெரு வீடு' என்னும் நாவலின் விஷயம் இவ்வளவே. சிக்காகோ நகரில் மெக்ஸிகோ வமிசத்து ஏழைக் குடும்பமொன்று வாடகை வீடுகளில் அலைந்து, முடிவில் சொந்த வீடு அடைகிறது. ஆனால் பெற்றோர் ஆசை காட்டிய வீடு அதுவன்று. எஸ்பெரான்ஸா என்னும் பெண் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தாங்கியும், அவளது கட்டுண்ட வாழ்வைத் தொடர மறுக்கிறாள். இதில் ராஜத்துரோகம் எங்கேயுள்ளது?

அரிஸோனா மாகாணத்தில் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்ஸிகோ வமிசத்தாரின் சரித்திரமும் இலக்கியமும் போதிக்கும் வகுப்புகள் நடந்துவந்தன. மேற்படி நாவலும் அங்கே பாடமாயிருந்தது. 2010-ம் வருஷத்தில் அம்மாகாணத்தார் ஒரு சட்டம் இயற்றினர். ராஜாங்கத்தைக் கவிழ்க்கத் தூண்டுவதும், ஓரினத்தின்மீது துவேஷம் வளர்ப்பதும், ஓரினத்து மாணவருக்கென்றே ஏற்பட்டதும், இன ஒற்றுமையை வற்புறுத்துவதுமான பாடங்கள் கூடாவென்பது அதன் சாரம். மீறினால் மாகாண மானியத்தில் பத்திலொரு பங்கு பறிபோகும். 2012 ஜனவரியில் பள்ளி நிர்வாக சபையார் பணிந்து வகுப்புகளை மூடினர். ஏழு புத்தகங்கள் பெட்டிகளில் அடைத்து அகற்றப்பட்டன. அவற்றில் நாவல் ஒன்றுமில்லை. வகுப்பே ஒழிந்தபின் நாவலைத் தனியே தடுப்பானேன்?

மாணவரைத் தனி மனிதராகவே நடத்தவேண்டும், இனமாகப் பிரிக்கலாகாது என்றனர் சட்டத்தை ஆதரித்தோர். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் குடும்பத்தையும் பாஷையையும் பெயரையும் வாயிற்படியில் இறக்கிவைத்து வகுப்பினுள் நுழையும் தனி மனிதன் யார்? டூசானோ 1854 வரையில் மெக்ஸிகோவைச் சேர்ந்திருந்த ஊர். அமெரிக்கா அந்நிலத்தை விலைக்கு வாங்கிற்று. ஊர் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. அவ்வூர்ப் பிள்ளைகளிடம் இச்சரித்திரத்தை மறைப்பது சமத்துவமாகுமா?

மாணவர்கள் வழக்காடினர். 2017 ஆகஸ்டில் சமஷ்டி நியாயாதிபதி வாலஸ் டஷீமா, இச்சட்டத்தை இயற்றியதும் அமல் நடத்தியதும் இனத் துவேஷத்தால் நேர்ந்தவை என்றும், அரசியலமைப்பின் முதலாவது, பதினான்காவது திருத்தங்களுக்கு விரோதமானவை என்றும் தீர்ப்பளித்தார். ஜப்பானிய வமிசத்தவரான அவர், இரண்டாவது உலக யுத்தத்தின்போது இதே அரிஸோனாவிலிருந்த தடுப்பு முகாமில் பிள்ளைப் பிராயத்தில் அடைபட்டிருந்தவர். துவேஷத்தைத் தடுப்பதாகச் சொன்ன சட்டமே துவேஷத்தில் பிறந்ததென்பது இங்ஙனம் வெளியாயிற்று.

தீர்ப்பைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும் திருப்தியடைய மாட்டோம். இடையே ஐந்து வருஷங்களுக்கு மேல் கழிந்தன. அதற்குள் படித்து வெளியேறிய பிள்ளைகளுக்கு எந்தக் கோர்ட்டு அவ்வருஷங்களைத் திருப்பித் தரும்? சட்டசபைப் பிரசங்கமே அரசியல், குடும்பக் கதை பெண்டிர் பொழுதுபோக்கு என்று எண்ணும் தேசபக்தர் நம்மிலும் பலர் உளர். அவர்கள் அரிஸோனாவைப் பார்க்கட்டும். ஒரு ஜன சமூகம் தன் வீட்டைப் பற்றித் தானே எழுதவும், தன் மக்களுக்கு அதைப் போதிக்கவும் தொடங்கினால், அதன் வலிமையை முதலில் உணர்கிறவர் அதை அடக்க விரும்புவோரே. நாம் கடைசியில் உணர்வது அழகன்று.