பண்டோரா மரத்துக்கு அழுதவங்க கொஞ்சம் இங்க வாங்க

மக்களே, செமஸ்டருக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்துல சாமி விஷயத்துல தலையைக் கொடுக்கிறேன். வயித்தெரிச்சல், வேற வழியில்ல.

2024 ஆகஸ்ட்ல சேலம் மல்லமூப்பம்பட்டியில ஒருத்தர் ஏலியனுக்குக் கோயில் கட்டினார்னு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தரைக்குக் கீழ அறை கட்டி, சிவன், முருகனோட சேர்த்து ஹாலிவுட் படத்துல வர்ற மாதிரி பெரிய கண்ணு வச்ச சிலை. ஏலியன்கிட்ட பேசி அனுமதி வாங்கித்தான் கட்டினேன்னு சொன்னார். இயற்கைச் சீற்றத்துல இருந்து அதுதான் காப்பாத்துமாம். எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாளைக்கு ஒரே மீம்ஸ்தான். நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அதே குரூப்ல சிரிச்ச ஒருத்தன் ஸ்டேட்டஸ்ல என்ன வச்சிருக்கான்? ஸ்டார் வார்ஸ்ல வர்ற "ஃபோர்ஸ்" உன்னோட இருக்கட்டும்னு! கேட்டா அது ஃபிலாசஃபியாம். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2001 சென்சஸ்ல 3,90,127 பேர் தங்களோட மதம் ஜெடைன்னு எழுதினாங்க. பாதிப் பேர் விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்கன்னே வச்சுக்குவோம். 2011-ல அது 1,76,632. 2021-ல சுமார் 1,600. காமர்ஸ்காரன் கண்ணுல பார்த்தா இது மதம் இல்ல, திவாலான கம்பெனி. ஏன் திவாலாச்சு? பங்குதாரர் யாரும் காசு போடல. ஃபாரத்துல ஒரு சொல் எழுதினதோட சரி.

நம்ம ஊர்ல சாமி கும்பிடணும்னா தலைக்கட்டு வரி கட்டணும். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. வரி பாக்கி வச்சா கூட்டத்துல பேர் வாசிச்சு மானத்தை வாங்கிடுவாங்க. எங்க தாத்தா கோயில் நோட்டுல வெத்தலைபாக்கு செலவுகூட தனி வரியில இருக்கும். எங்க லெக்சரர் பார்த்தா கண்ணுல ஒத்திக்குவார்.

"அதுவும் யாரோ கண்டுபிடிச்ச சாமிதானடா"ன்னு கேப்பீங்க. ஆமா, இல்லைன்னு யார் சொன்னா? பிழைக்கப் போன ஊர்ல பழைய கோயில்ல இருந்து பிடிமண் எடுத்துட்டுப் போய் வச்சா அங்க ஒரு கோயில். அநியாயமாச் செத்தவங்கதான் பாதி சாமி. பாபநாசத்துக்கு மேல சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயன் இருக்காரே, அவர் கதை தெரியுமா? பிராமணனாப் பிறந்து, செருப்புத் தைக்கிற சாதியில ரெண்டு அக்கா தங்கச்சியைக் கட்டி, மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்த முத்துப்பட்டன். இன்னைக்கும் அவருக்குக் காணிக்கை செருப்புதான். எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் டைரக்டருக்கு இப்படி ஒரு காட்சி தோணும், சொல்லுங்க? அவ்வளவு ஏன், 2021-ல இருகூர்ல கொரோனா தேவிக்கே சிலை வச்சாங்க. பிளேக் வந்தப்ப பிளேக் மாரியம்மனை வச்சதும் இதே கோயம்புத்தூர்தான்.

அப்ப சேலத்து ஏலியனும் சரியா? எனக்கு அங்கதான் இடிக்குது. புதுசு என்கிறது குத்தமில்ல, ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும்தான் சாமி பேசுது என்கிறதுதான் குத்தம். எங்க கொடையில சாமியாடி அருள் வந்து ஆடும்போது பெருசுங்க சும்மா கும்பிட்டுக்கிட்டு நிக்காது. "யாரு வந்திருக்கிறது? அடையாளம் சொல்லு"ன்னு குறுக்கு விசாரணை நடக்கும். பதில் சரியில்லைன்னா "போய் உக்காருப்பா"ன்னு திருநீறு பூசி அனுப்பிடுவாங்க. ஆடிட்டிங் உள்ள மதம் சார் இது. ஏலியனை யார் ஆடிட் பண்றது?

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் பெங்களூர்ல ஐடி. அவதார் படத்துல அந்தப் பெரிய மரத்தைச் சாய்க்கிற இடத்துல அழுதேன்னு அவனே சொல்லியிருக்கான். இயற்கையை வணங்குற மதம்தான் உண்மையான மதம்னு எனக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தவன். அதே ஆள், சேத்தூருக்கு மேற்க மலையடிவாரத்துல இருக்கிற எங்க குலசாமி கோயிலுக்கு டைல்ஸ் போட அம்பதாயிரம் எழுதியிருக்கான். தகரப் பந்தல், சிமெண்ட் தளம், கார் நிறுத்த இடம். அதுக்கு ஓடையோரம் நிக்கிற மூணு மருத மரத்தை எடுக்கணும்.

பங்குனி உத்திரத்துக்கு நாங்க பொங்கல் வைக்கிறதே அந்த நிழல்லதான். சாமிக்குக் கூரை கிடையாது, வெட்டவெளி பீடம். விறகுக்குக்கூட அந்த மரத்துல கை வைக்காம நாலஞ்சு தலைமுறை ஓடிருச்சு. "ஏண்ணே, படத்துல மரம் விழுந்ததுக்கு அழுதியே"ன்னு கேட்டேன். "டேய், அது வேற, இது டெவலப்மெண்ட்"னான். படத்துல வில்லன் பேசுற வசனமும் கிட்டத்தட்ட அதானே!

ஒடிசா நியமகிரி மலையை பாக்சைட்டுக்காகத் தோண்ட வேதாந்தா வந்தப்ப, டோங்ரியா கோந்த் மக்களுக்காக 2010-ல ஒரு அமைப்பு ஜேம்ஸ் கேமரூனுக்கு வெரைட்டி பத்திரிகையில விளம்பரமே கொடுத்துச்சு, உங்க படம் இங்க நிஜமா நடக்குதுன்னு. ஆனா மலையைக் காப்பாத்தினது படம் இல்ல. 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் கிராம சபைகிட்ட கேளுங்கன்னு சொல்லுச்சு. கேட்ட 12 கிராம சபையும் ஒண்ணு விடாம முடியாதுன்னுச்சு. அவங்களுக்கு நியமராஜா அந்த மலையிலதான் இருக்கார், தியேட்டர்ல இல்ல.

எங்களுக்குச் சபைன்னா பங்காளிக் கூட்டம்தான். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. கல்யாணம் ஆகாத எனக்கு அதுல ஓட்டு கிடையாது, நான் தலைக்கட்டு இல்லையே. அப்பாவுக்கு உண்டு. மூணு நாளா அவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். "பெரியவங்க பணம் போடுறாங்க, நாம என்னடா சொல்றது"ங்கிறார். நேத்து ராத்திரி தாத்தாவோட நோட்டை எடுத்து அவர் தலைமாட்டுல வச்சிருக்கேன். அதுல மூணு மரத்துக்கும் வேலி போட்ட செலவு எழுதியிருக்கு.